கரியாவின் கழுத்துக் கட்டை

புங்கங்கட்டை கல்லில் இடிபடும் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. மற்றதெல்லாம் முன்னே பின்னே மறந்துபோகிறது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்தும் கோணல்தான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பாகலூர் பக்கம் எங்கள் ராகிக் காட்டுக்குக் காவலாக கரியா என்று ஒரு நாய் இருந்தது. தாய் செத்து, கண் திறக்காமல் கிடந்த குட்டியைத் துணி நனைத்துப் பால் ஊட்டி வளர்த்தவள் நான். 'உண்ணி' பிடுங்குவது, களியை மோரில் கரைத்து வைப்பது, கிணற்றடியில் குளிப்பாட்டுவது எல்லாம் என் வேலை. காட்டு நாய்க்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள்.

பக்கத்துக் காட்டு முனியப்பா செம்மறி வைத்திருந்தவர். அவர் பட்டியில் குட்டிகள் காணாமல் போக ஆரம்பித்ததும் நேராக எங்கள் களத்துக்கு வந்து, "உன் நாய்க்குக் கறி ருசி கண்டுபோச்சிப்பா. கட்டைய மாட்டு. இல்லன்னா நான் மருந்து வெச்சிடுவன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கரியா குட்டியைத் தூக்கியதைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை.

நாய்க்குக் கட்டை மாட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். முழ நீளக் கட்டையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டால் நாய் நடக்கலாம், ஓடினால் முன்னங்காலில் இடிக்கும். கட்டிப்போட்டால் காவல் போய்விடுமே, அதற்காக இப்படி. யாரிடமும் எதிர்த்துப் பேசாத நான் அன்றைக்கு வாயைத் திறந்தேன்.

"பகல்ல கட்டி வெச்சிக்கலாம்ப்பா. காலையில சாயங்காலம் நானே கயித்தப் புடிச்சிக்கினு கூட்டிப் போறன்."

அப்பா சிரித்துவிட்டார். "நாய்கூட நடக்க ஒரு ஆளா? உன்ன கட்டிக் குடுத்துட்டா அப்புறம் நான் நடக்கறதா?"

பெண்பிள்ளை நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிற கூத்தெல்லாம் வேண்டாம் என்று அம்மாவும் முடித்துவிட்டாள்.

கட்டை ஏறியது. முட்டியில் தோல் உரிந்து ஈ மொய்க்கும்; மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போடுவேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு கரியா எனக்காகத் தார்ரோடு வரைக்கும் வந்து நிற்கும். கம்பெனிகள் வருகின்றன என்று அகலப்படுத்திய ரோடு அது, ஜல்லி லாரிகள் ஓயாமல் ஓடும். அங்கிருந்து வீடு வரை கட்டையை நான் கையில் தூக்கிக்கொள்வேன், அது பாரமில்லாமல் என்னை ஒட்டியே நடக்கும். அப்படித் திரிந்த நாட்களிலேயே முனியப்பா பட்டியில் இன்னொரு குட்டி போனது. ஓட முடியாத நாய் எப்படித் தூக்கும் என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்கோ, அவிழ்த்துவிட்டால் முனியப்பா மறுபடியும் சண்டைக்கு வருவார் என்ற யோசனை.

ஒரு சாயங்காலம் நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம், கரியா அந்தப் பக்கம். என்னைக் கண்டதும் தாண்ட வந்தது, லாரிக்காரர் ஹாரன் அடித்தார். வேறு நாயாக இருந்தால் ஒரே பாய்ச்சலில் தப்பியிருக்கும். இதற்குக் கட்டை காலுக்குள் சிக்கி, நடு ரோட்டிலேயே மடங்கி விழுந்தது. டிரைவர் இறங்கி வந்து, ஹாரன் அடித்தேனே, அடித்தேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா வந்தார். குழி வெட்டுவதற்கு முன்னால் கயிற்றை அறுத்துக் கட்டையை எடுத்து, ரத்தம் போக மண்ணில் தேய்த்தார். "நல்ல கட்டை. அடுத்த நாய்க்கு ஆவும்" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மழைக்குப் பிறகு குட்டிகளைத் தூக்கின நரியை ஆற்றோரப் புதரில் அடித்துவிட்டதாக முனியப்பாவே வந்து சொன்னார், எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே. கரியாவின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இப்போது அந்தக் காட்டில் கம்பெனி ஷெட்டும் வாடகை 'லைன் வீடுகளும்' நிற்கின்றன. பட்டி இல்லை, செம்மறி இல்லை, கழுத்தில் கட்டை தொங்கும் நாயும் இல்லை. போனதில் நான் வருத்தப்படாதது அந்தக் கட்டை ஒன்றுக்குத்தான். ஆனால் குடியிருக்க வருகிறவர்கள் ஆசையாக நாய் வாங்குகிறார்கள், வேலை மாறினதும் வீட்டைக் காலி செய்கிறார்கள், நாய் பூட்டின கேட்டில் நிற்கிறது. கேட்டால், "தெரு நாய்ங்களோட பழகிக்கும் பாட்டி" என்கிறார்கள். அப்படி விடப்பட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊசி போட்டிருக்கிறேன். முட்டி வலித்தாலும் காலையும் மாலையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறேன்.

முனியப்பாவுக்குப் போன குட்டிகள் மூன்றா நாலா, ரோடு அகலமானது எந்த வருஷம் என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். கரியா கொன்றது ஒன்றுகூட இல்லை. அதை மட்டும் திருத்த வேண்டாம்.