சீர்த்தட்டோடு ஒரு ஆய்வு

என் அம்மா தீயணைப்புத் துறையில் அதிகாரி. தீபம் நெருங்கினால் திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் விடுதி விடுதியாக அறை தேடி அலைவார்கள். அம்மா அதே விடுதிகளில் குறை தேடி அலைவாள்.

அந்த வருஷம் அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, செங்கம் சாலையில் ஒரு வீட்டை எடுத்து விடுதி ஆக்கியிருந்தார். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை, அதற்கடியில் கேஸ் அடுப்பு, மலையைப் பார்த்தபடி தோசை. தீபத்துக்கு எல்லா அறைகளும் பதிவாகிவிட்டதில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி இல்லாத நாட்களில் நான் அங்கே தோசை தின்பதையே வேலையாக வைத்திருந்தேன்.

ஆய்வுக்கு அம்மா காக்கிச் சட்டையில், இரண்டு வீரர்களோடு வந்து இறங்கினாள். மாமாவுக்கு அக்கா வருகிறாள் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. கார்த்திகைக்கு உடன்பிறந்தவளுக்குச் சீர் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டு வேலையும் ஒன்றாக முடியட்டும் என்று தட்டில் புடவை, பொரி உருண்டை, வெற்றிலை பாக்கோடு வாசலிலேயே நின்றார். வீரர்கள் இருவரும் நாகரிகமாக மலையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

“யூனிஃபார்ம்ல இருக்கேன்டா. இத மொதல்ல உள்ள வை,” என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

“தம்பி சீர் குடுத்தா என்னாக்கா தப்பு?”

“பாக்கறவன் இத சீருன்னா சொல்லுவான்?”

தட்டு உள்ளே போனது. அம்மா மேலே போனாள். மாடிப்படியில் பாதியை மெத்தைகள் அடைத்திருந்தன. கொட்டகையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் காட்டி, “நெருப்பு புடிச்சா இத எப்படி அடிப்ப? காட்டு,” என்றாள்.

மாமா வீராப்பாக மேலிருந்த பின்னைப் பிடுங்கி, குழாயின் வாயைத் தன் பக்கமே வைத்து அழுத்தினார். மாமா, தோசைக்கல், மாவுப் பாத்திரம் எல்லாம் ஒரே வெள்ளை. ஓரமாக உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர், தீபத்துக்கு முன் செய்யும் சடங்கு போலும் என்று எழுந்து கைகூப்பினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“கொட்டாய இன்னிக்கே பிரிச்சிடு. படியில இருக்கற மெத்தையெல்லாம் எடுத்துடு. இல்லன்னா சீல் வெக்கச் சொல்லி எழுதிடுவேன்.”

“மத்தவங்களுக்கெல்லாம் டைம் குடுக்கற. எனக்கு மட்டும் இன்னிக்கேவா? நீயெல்லாம் ஒரு அக்காவா?” என்றார் மாமா.

அம்மா வீரர்களோடு அடுத்த விடுதிக்கு இறங்கிப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். மாமா தானே ஏறி, கீற்றுக்கு ஒரு வசவாகப் பிடுங்கிப் போட்டார்.

தீபத்தன்று விருந்தினர்கள் திறந்த மாடியில் நின்று மலையுச்சியை மறைப்பில்லாமல் பார்த்து, மாமாவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஆனாலும் மறுநாள் அவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் சீரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். புடவை கட்டியிருந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மாமா போனதும், அவருக்கு மட்டும் ஏன் நேரம் தரவில்லை என்று கேட்டேன்.

“மத்தவங்க எடத்துல நெருப்புன்னா வண்டிய எடுத்துனு ஓடிடுவேன். அவன் எடத்துலன்னா எனக்குக் கை கால் ஓடாது,” என்றாள் அம்மா.

நெருப்பை அணைக்கிற அம்மாவுக்கே நெருப்பென்றால் பயமா என்று எனக்கு மானமே போய்விட்டது. வகுப்பில் யாரிடமும் இதை மூச்சுவிடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.