ஞானத்தாய் ஆகாதவள்

பொறாமையை மனசுக்குள் வைத்துக்கொண்டு ஜெபமாலை உருட்டியவள் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

ஜெகதாப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஃபாதர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ஞானஸ்நானம் வாங்க விரும்புகிறவர்களைத் தயார்செய்வது என் பொறுப்பு. ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கும் பெண் ஒருத்தி ஒருநாள் வந்தாள். எல்லை தாண்டியதாகக் கடலில் பிடிபட்ட புருஷன் விடுதலையாகி வரும்வரை எங்கள் கோயிலிலேயே பழியாய்க் கிடந்தவள். “டீச்சர், நான் ஞானஸ்நானம் வாங்கணும். எனக்கு எழுதப் படிக்க வராது. சொல்லிக் குடுப்பீங்களா?” என்றாள்.

ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தேன். ஜெபங்களை என் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவள் இறால் உரித்துக்கொண்டே கேட்டுப் பாடம் பண்ணுவாள். விசுவாசப் பிரமாண ஜெபத்தில் சிலுவைத் தீர்ப்பு சொன்ன ரோமாபுரி அதிகாரியின் பெயர் வந்தால் மட்டும் நாக்கு பிசகும். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

எனக்குப் பிள்ளையில்லை. தலையில் தண்ணீர் ஊற்றும்போது தோளில் கைவைத்து நிற்கிறவள்தான் ஞானத்தாய். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் ஒரு தாய். அது நான்தான் என்று கேட்காமலே முடிவுகட்டி, எனக்குப் புதுச்சேலையும் எடுத்துவிட்டேன்.

ஞானஸ்நானத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு சிஸ்டர் மாற்றலாகி வந்தார். சின்ன வயசு, கையில் கிட்டார், தேன் மாதிரிக் குரல். என் மாணவி சொக்கிப்போனாள்.

“டீச்சர், சிஸ்டரு பாடுனா எனக்கு அழுகை அழுகையா வருது. அவுங்களையே ஞானத்தாயா இருக்கச் சொல்லிக் கேக்கட்டுமா?”

“அதுக்கென்ன, தாராளமா கேளு” என்றேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டமால் டமாலென்று போட்டேன். ஒரு வருஷம் நாயாய் அலைந்தது நான், நோகாமல் நொங்கு தின்பது அந்த அம்மாவா? வேதத்தில், பின்னால் வருகிறவருக்கு வழியை ஆயத்தம் செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட முன்னோடியைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்தியவள்தான் நான். நடத்துவது சுலபம்.

கடைசி வகுப்பு ஒன்று பாக்கி இருந்தது. சடங்கில் ஃபாதர் கேட்கும் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்பது பாடம். தலைவலி என்று பொய் சொல்லி நான் போகவில்லை. நான் சொல்லிக்கொடுத்திருப்பேன் என்று சிஸ்டர் இருந்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் நின்று முழிக்கட்டும், அப்போது தெரியும் யார் அருமை என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிறு காலைப் பூசை. சிஸ்டரின் கை அவள் தோளில். ஃபாதர் கேட்டார்: “சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?”

அவள் முழித்தாள். ஃபாதர் மறுபடி கேட்டார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. சிஸ்டரைப் பார்க்கவில்லை, திரும்பி, மூன்றாவது பெஞ்சில் இருந்த என்னைத் தேடினாள்.

நான் எழுந்துவிட்டேன். “விட்டுவிடுகிறேன்” என்றேன், சத்தமாக. கோயிலே திரும்பிப் பார்த்தது. அவள் என் பின்னால் சொன்னாள். அடுத்த கேள்விக்கும் நான் முந்த, அவள் தொடர்ந்தாள். தண்ணீர் ஊற்றினார்கள்.

பூசை முடிந்ததும் ஈரத் தலையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“மன்னிச்சிருங்க டீச்சர். நீங்க எம்புட்டுப் பாடுபட்டுச் சொல்லிக் குடுத்தீங்க, நான் அத மறந்துட்டு நின்னுட்டேன். ஒங்க மானத்த வாங்கிட்டேன்.”

அதை நான் சொல்லித்தரவேயில்லை என்பது தொண்டைவரை வந்தது. சிஸ்டர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“பரவால்ல, விடு” என்று அவளை மன்னித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.