மீட்டர்காரர் ஒட்டிய தாள்

முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், சும்மா இருக்கத் தெரியாமல் ஓர் அறுப்பு மெஷின் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வீட்டுக் கூடமே சாட்சி. நூல் மாதிரி மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும். பலகையை வளைத்து வளைத்துத் திருப்பினால் பூவும் பறவையுமாக அறுத்துத் தரும். படம் வரைந்த தாளைப் பலகைமேல் ஒட்டி, கோட்டின் மேலேயே பிளேடை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. அந்த அவ்வளவுதான் மீட்டர்காரருக்கு இரண்டு வருஷமாகக் கைகூடவில்லை.

தாள் நிற்காது. மைதாப் பசை காய்ந்து சுருண்டது. கோந்து பாதி அறுப்பில் கைவிட்டது. இருபுறமும் ஒட்டும் டேப், தாளை விட்டுவிட்டு பிளேடோடு ஒட்டிக்கொண்டது. குண்டூசி குத்திப் பார்த்தார். பிளேடு போய் ஊசியில் மோதி உடைந்து, துண்டு மூக்குக் கண்ணாடியில் தெறித்தது. கண் தப்பியது அவர் சாமர்த்தியத்தால் அல்ல. தாள் நகர்ந்தால் குதிரைக்குக் கால் போகும். கால் போன குதிரையை மற்றவர்கள் குப்பையில் போடுவார்கள். இவர் 'ஓய்வெடுக்கும் குதிரை' என்று பெயர் சூட்டிப் பரிசாகக் கொடுத்துவிடுவார். மச்சினர் வீட்டு அலமாரியில் மட்டும் மூன்று குதிரைகள் ஓய்வெடுக்கின்றன.

"மொதல்ல மரத்து மேல காகித டேப்பை ஒட்டிட்டு, அதுக்கு மேல தாளை ஒட்டுங்களேன். எடுக்கும்போதும் சுலபமா வரும்" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் தற்காலிக ஊழியர். தினம் நூறு குப்பிக்கு லேபிள் ஒட்டுகிறவள்.

"நீ உன் குப்பியப் பாரு" என்றார் இவர். யோசனை சரியாக இருந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவர் ஒரு ஸ்ப்ரே பசையைத் தந்தார். பசை கிடைத்த நேரம் பார்த்து வீட்டில் நல்ல தாள் இல்லை. தேடியதில் சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்கு அடியில், மொடமொடவென்று கனமான தாள் ஒன்று அகப்பட்டது. ஒரு பக்கம் சுத்தமாக வெற்று. மறுபக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று திருப்பிப் பார்க்க அவர் என்ன வேலையில்லாதவரா? இரண்டு கிளிகளை வரைந்தார், பசையை அடித்தார், ஒட்டினார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். ஊஹூம், அசையவில்லை! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மெஷினைப் போடப் போகிற நேரத்தில் மனைவி வந்து நின்றாள். மணி மூன்று.

"மேஜை மேல என் விண்ணப்பம் இருந்துதே, எங்க?"

மீட்டர்காரர் கிளிகளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"மூணு வாரமா நீங்க படிப்பீங்கன்னு வெச்சிருந்தேன். நிரந்தர வேலைக்கு. அஞ்சு மணிக்குள்ள குடுத்தாகணும். அதுல முத்திரை போட்ட டாக்டர் லீவுல போயிட்டாரு, இன்னொண்ணு வாங்க வழியில்ல."

"பார்க்கிறேன்னு சொன்னேனே" என்றார் அவர். வேறு என்ன சொல்வார்?

அவள் கத்தவில்லை. துணி தேய்க்கும் பெட்டியைச் சூடாக்கிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்கதானே ஒட்டுனீங்க. நீங்களே எடுங்க."

கிளிகள்மேல் பெட்டியை வைத்து வைத்து எடுத்து, சூட்டில் பசை இளக இளக, தாளை மூலையிலிருந்து அங்குலம் அங்குலமாக உரித்தார். உரிக்க உரிக்க எழுத்து தெரிந்தது. வேறு வழியில்லாமல் படித்தார். அவள் பெயர். பதினோரு வருஷ அனுபவம். 'வெளியூரில் பணியாற்றச் சம்மதமா?' 'சம்மதம்.' பேனாவால், அழுத்தமாக. அதன் கீழே, 'பணியாளர் குடியிருப்பில் தங்குவோர் எண்ணிக்கை.' அங்கே மட்டும் பென்சில்: ஒன்று, ஒரு சாய்கோடு, இரண்டு, ஒரு கேள்விக்குறி.

அவர் கை நின்றது.

ஒரே ஒரு கோணல் இழுப்புப் போதும். தாள் கிழியும், வேலை போகும், அவள் இங்கேயே இருப்பாள், பழியைப் பசை சுமக்கும். இரண்டு வருஷமாகத் தாளைப் பாழாக்கியவர், யார் சந்தேகப்படுவார்கள்? அவள் இல்லாத இந்த வீட்டை நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது. அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியை மறுபடி வைத்தார். மிச்சத்தையும் உரித்தார். முழுசாக வந்தது.

"கை நின்னப்போ, கிழிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவள் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தாள். பேனாவை நீட்டினாள். "நீங்களே எழுதுங்க."

இரண்டு என்று எழுதினார். மை காயும்வரை அவள் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஃபைலில் வைத்தாள்.

"வண்டிய எடுங்க, நாலாகப் போகுது" என்றாள்.