மூன்றாம் தரம் சொன்ன பிறகு

சபைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ரத்தினபாய் இப்படிக் காணப்படுகிறார்: “முரட்டுச் சுபாவமுள்ளவரும், பண்டிகை ஏலத்தின் ஒழுங்கைக் குலைத்தவரும், சபைக்குச் சேர வேண்டிய ஆதாயத்தைத் தடுத்து, பிறருக்கு விற்கப்பட்ட பொருளைப் பலவந்தமாக அபகரித்துச் சென்றவருமான மேற்படி அங்கத்தினர்.”

மேற்படி அங்கத்தினரைப் பார்த்திராதவர்கள் ஆறடி உயரத்துக்கு ஓர் உருவத்தைக் கற்பனை செய்துகொள்ளக்கூடும். பஸ்ஸில் கண்டக்டர் அவரைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார். ரத்தினபாய் பின்னாலிருந்து கூப்பிட்டு, பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக்கூடக் கேட்டு வாங்கிக்கொள்வார். பாடகர் குழுவில் அவர் பாடுவது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் கேட்கும்.

கணவர் இல்லை. பொழிச்சலூரில் வாடகை வீடு, பிழைப்பு தையல். பள்ளிச் சீருடை, ரவிக்கை, கிறிஸ்துமஸ் நெருங்கினால் குரோம்பேட்டை சபையின் பாடகர்களுக்கு அங்கி. போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து அவருடைய மோட்டார் மெஷின் செத்துப்போனது. பக்கத்துத் தெருவில் இரவல் வாங்கிய மெஷினையும் அவர்கள் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். அங்கிகள் வெட்டிய துணியாகவே கிடந்தன. அந்தச் சமயத்தில்தான் அறுப்பின் பண்டிகை வந்தது. சபை நடத்திவந்த தையல் வகுப்பை மூடிவிட்டதால் காலால் மிதிக்கும் அதன் பழைய மெஷினும் அன்றைய ஏலத்துக்கு வந்தது.

இந்த ஏலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சபையார் படைக்கும் பூசணிக்காய், சேவல், கேக் எல்லாம் ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம் போகும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பார். அது மறுபடி ஏலம் போகும். ஒரே எலுமிச்சம்பழம் அசனச் சாப்பாட்டு நேரத்துக்குள் பல பேருக்குச் சொந்தமாகி, கடைசியில் ஊறுகாய்க்கும் லாயக்கில்லாமல் நசுங்கிப்போகும். ஊரெல்லாம் பொருளை வாங்கப் பணம் கட்டுகிறது. இங்கே வாங்காமல் இருப்பதற்குப் போட்டி போட்டுக் கட்டுகிறார்கள். அழகான வழக்கம்தான். யாராவது நிஜமாகவே பொருள் வேண்டும் என்று வந்து நிற்காதவரை அதில் ஆபத்தே இல்லை.

சபைச் செயலாளர் ஜாய்சன் வங்கி அதிகாரி. பித்தளைத் தட்டில் கரண்டியால் தட்டி ஏலத்தை முடிப்பவர் அவர்தான். ரத்தினபாய் கேட்ட விலை அவர் காதில் விழவில்லை. பக்கத்திலிருந்த பிளஸ்ஸிதான் உரக்கச் சொன்னாள். பிளஸ்ஸி தாம்பரம் கோர்ட்டில் வக்கீல். அவள் தொண்டை அதற்கென்றே பழகியது. மெஷினுக்கு வேறு யாரும் பெரிதாக ஆசைப்படவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், தட்டு ஒலித்தது. ரத்தினபாய் பொருளாளரின் மேஜைக்குப் போய்ப் பணத்தைக் கட்டினார்.

அவர் ரசீதுக்காக நின்ற நேரத்தில், மேடவாக்கத்தில் அடுக்குமாடி கட்டும் ஜீவானந்தம் செல்பேசியில் பேசி முடித்துவிட்டுப் பந்தலுக்குள் வந்தார். மெஷினைப் பார்த்தார். மேல்பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புக் காலின் மேல் கண்ணாடி வைத்தால் தன் கட்டடத்தின் முகப்பறைக்கு எடுப்பாக இருக்கும் என்றார். இரட்டிப்பு விலை தருவதாகச் சொன்னார். ஜாய்சன் தட்டை இன்னொரு முறை தட்டினார்.

ரத்தினபாய் திரும்பி வந்தபோது மெஷினில் ஜீவானந்தத்தின் பெயர் ஒட்டியிருந்தது.

“தம்பி, இது நான் எடுத்ததாச்சே” என்றார் ஜாய்சனிடம்.

“எடுத்தீங்க அக்கா, நான் இல்லேங்கல. எல்லாரும் திருப்பிக் குடுக்கிறதுதானே?”

“நான் குடுக்கலையே.”

“குடுப்பீங்கன்னு நெனச்சேன்.”

பணத்தை அப்படியே திருப்பித் தருவதாக ஜாய்சன் பெருந்தன்மையுடன் சொன்னார். ரத்தினபாய் வேண்டாம் என்றதும் அவர் குரல் மாறியது. ஆண்டவருக்குக் கூடுதலாக வருவதை ஒரு விசுவாசி தடுக்கலாமா என்று பந்தலில் எல்லோரும் கேட்கும்படி கேட்டார். சிலர் தலையசைத்தார்கள். அந்த அம்மாளுக்கு எதற்கு இந்தப் பிடிவாதம் என்று ஒரு குரல் வந்தது.

ஆண்டவரை ஒரு கட்சிக்காரராகச் சேர்த்துக்கொண்டால் உலகத்தில் எந்த ஒப்பந்தமும் நிற்காது. ஏலத்தில் சுத்தியல் விழுந்தாலோ, அந்த இடத்தின் வழக்கப்படி முடிந்தது என்று அறிவித்தாலோ விற்பனை முடிந்துவிட்டது என்கிறது சரக்கு விற்பனைச் சட்டம். சுத்தியல் எதனால் ஆனது, பணம் எந்தப் புண்ணியத்துக்குப் போகிறது என்றெல்லாம் அது விசாரிப்பதில்லை. தட்டு ஒலித்த அந்தக் கணத்திலேயே மெஷின் ரத்தினபாயுடையது. அடுத்தவர் பொருளை அவர் முதுகுக்குப் பின்னால் விற்றுவிட்டு அதற்குக் காணிக்கை என்று பெயர் வைத்தவர், நாள் முழுக்க ஜாமீன் பத்திரம் படித்துக் கடன் கொடுக்கும் மனிதர். வங்கியில் ஒரு கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பு, ஞாயிற்றுக்கிழமை பந்தலில் ஒரு விதவை கேட்ட விலைக்கு இல்லை.

இதற்குள் அசனப் பந்தி தொடங்கியிருந்தது. பிளஸ்ஸி வாழையிலையை விட்டு எழுந்து வந்து, இது பச்சையான ஒப்பந்த மீறல், வழக்குப் போடலாம், நஷ்டஈடு கிடைக்கும் என்றாள்.

“நஷ்டஈடு பணமாத்தானே வரும்?” என்றார் ரத்தினபாய். “பணத்துல எப்படிம்மா ஓரம் அடிக்கிறது?”

“அந்த மெஷினையே குடுக்கச் சொல்லியும் கேக்கலாம் அக்கா.”

“கிறிஸ்துமஸுக்குள்ள வருமா?”

“வரும். எந்தக் கிறிஸ்துமஸ்னு சொல்ல முடியாது.”

ரத்தினபாய் சாப்பிடப் போகவில்லை. மெஷினின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையில் ஊசியும் நூலும் இல்லாமல் அவர் எங்கும் போனதில்லை. அன்று அங்கிக்காக வெட்டிய துணியும் இருந்தது. நூல் கோத்து மிதிக்கத் தொடங்கினார். எண்ணெய் காணாத மெஷின் போட்ட சத்தம் பந்திவரை கேட்டது. ஜாய்சன் வந்து, எழுந்திருங்கள் என்றார். ரத்தினபாய் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் வெளிச்சம் விட்டு நிற்கும்படி கேட்டுக்கொண்டார். அவர் அப்போது தைத்துக்கொண்டிருந்தது பாடகர் குழுவில் ‘பாஸ்’ என்னும் கீழ்க்குரல் பாடும் ஜாய்சனின் அங்கிக் கை.

மெஷினை மேடவாக்கத்துக்கு ஏற்றிப்போக ஜீவானந்தம் அமர்த்திய குட்டியானை வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் துலுக்காணம் இறங்கி, மெஷினையும் நாற்காலியில் இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தூக்குப்பா” என்றார் ஜீவானந்தம்.

“மிசினு மட்டும்னுதான சார் சொன்ன. ஆளோட தூக்கணும்னா வேற ரேட்டு.”

பந்தியில் யாரோ சிரித்தார்கள். ஜீவானந்தத்துக்கு முகம் சிவந்தது. ஒரு ஓட்டைத் தையல் மெஷினுக்காக இத்தனை பேர் பார்க்க நிற்பது தனக்குக் கேவலம் என்று ஜாய்சனைத் திட்டிவிட்டு, இன்னும் கட்டாத தன் பணத்துடன் காரை நோக்கிப் போனார். ஜாய்சன் அவர் பின்னாலேயே ஓடினார்.

துலுக்காணம் தனியாக நின்றார். “இன்னாமா, என்னிய பேஜார்ல வுட்டுட்ட. வாடகை யாரு தருவா?”

“பொழிச்சலூர் வருவீங்களா அண்ணா? நான் தரேன்.”

“மேடவாக்கம்னுதான் பேச்சு.” தலையைச் சொறிந்தார். “துட்டு தரவங்க வூட்டாண்டதான வண்டி போவும். எந்திரிமா, நீ அந்தப் பக்கம் புடி.”

கொஞ்சம் நேர்மையாகப் பார்த்தால் அன்று பிற்பகல் தெரிந்தே, எல்லோர் முன்னிலையிலும், பேசிய பேச்சை மீறிய இன்னொருவர் துலுக்காணம்தான். அவருக்கு எதிராகச் சபைக் குழு எந்தத் தீர்மானமும் போடவில்லை. ஜாய்சனுக்கு எதிராகவும் போடவில்லை. தீர்மானத்தை எழுதியவரே அவர்தான். கிறிஸ்துமஸ் ஆராதனையில் புது அங்கியுடன் நின்று சமாதானத்தைப் பற்றி நன்றாகவே பாடினார். கை அளவு கச்சிதமாக இருந்தது.

ரத்தினபாய் ஏலத்தில் ஒரு மெஷினைக் கேட்டார். பணத்தைக் கட்டினார். வீட்டுக்கு எடுத்துப் போனார்.