பென்சில்கொசு எழுதிய பக்கங்கள்

பள்ளி நூலகருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஷ்ஷ் மிஸ்'. அது அவருக்கும் தெரியும். உதட்டில் விரலை வைத்தே பாதி ஆயுள் போய்விட்டது என்று தன் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பார்.

படித்த புத்தகங்களைப் பற்றிப் பிள்ளைகள் எழுதட்டும் என்று நூலகத்துக்கு ஒரு வலைப்பூ தொடங்கியவரும் அவர்தான். விதிகளில் படு கறார். சொந்தப் பெயர் கூடாது, முகம் தெரியும் படம் கூடாது, பள்ளியின் பெயர் கூடாது. வெளியாட்களின் கருத்துகளை அவர் பார்த்து அனுமதித்தால்தான் பக்கத்தில் வரும். புனைபெயரைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டின் நடுவில் சேர்ந்த ஒரு சிறுமி யாரிடமும் வாயே திறக்காமல் இருந்தாள். 'பென்சில்கொசு' என்ற பெயரில் அவள் எழுதத் தொடங்கியதும் வகுப்பே அவளை மொய்த்தது.

"ஏய் கொசு, அடுத்தது எப்ப?"

"எழுதறேன்டி, பறக்காத. இங்க கொசு நான்தான்."

அன்று மிஸ் யாரையும் அதட்டவில்லை.

ஒரு காலை, அனுமதிக்காக ஒரு கருத்து காத்திருந்தது. "அப்பாவோட பென்சில்கொசுவா? எந்த ஸ்கூல்டா கண்ணு? அம்மாகிட்ட சொல்லாத."

மிஸ் அதை அனுமதிக்கவில்லை. கணவனின் அடி தாங்காமல் மகளோடு தப்பி வந்தவள் சிறுமியின் தாய். இருக்குமிடம் அவனுக்குத் தெரியவே கூடாது என்று தலைமையாசிரியை எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

சிறுமியைத் தனியே அழைத்தார். "இந்தப் பேரு யாரு வச்சது?"

"அப்பா. தேடினா கிடைக்கட்டும்னுதான் மிஸ் போட்டேன். என்னை அவர் அடிச்சதே இல்ல." பிறகு அவசரமாகச் சொன்னாள்: "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ். மறுபடியும் வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

கருத்தை மட்டும் அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா என்று மிஸ்ஸின் மனம் ஊசலாடியது. பழைய பதிவுகளைப் புரட்டினார். ஜன்னல் வழியே தெரியும் மணிக்கூண்டில் மூன்று கடிகாரங்கள் நின்றுவிட்டன, நான்காவது மட்டும் பொய் சொல்கிறது என்று ஒன்றில் எழுதியிருந்தாள். அந்த ஊரை அறிந்த எவருக்கும் பள்ளியைக் கண்டுபிடிக்க இது போதும். வரியின் அழகில் மயங்கி வெளியிட்டவர் அவரேதான்.

பதிவுகளையெல்லாம் நீக்கிவிட்டுத் தாயை வரவழைத்தார்.

"பேரு வராதுன்னு நம்பித்தானே மிஸ் சம்மதிச்சேன்?"

"தப்பு என்னோடதும்மா."

தாய் கோபப்படவில்லை. "இப்பதான் கதவு சத்தத்துக்குப் பயப்படாம தூங்க ஆரம்பிச்சோம்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சிறுமி நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தர வந்தாள். மேசையில் வைத்தாள். "சொல்லிட்டீங்கல்ல" என்றாள். வெளியே போய்விட்டாள்.

வாசலில் நின்ற தாய், "எங்க போறோம்னு உங்களுக்கு மட்டும் சொல்றேன் மிஸ்…" என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம்மா, எங்கிட்டயும் சொல்லாதீங்க."

அடுத்த வாரம் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "கொசு எந்த ஸ்கூலுக்குப் போயிருக்கா மிஸ்?"

"தெரியலைடா" என்றார். அவள் உட்காரும் நாற்காலியை யாரோ வேறு மேசைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.