உர்ஹோ போட்ட காப்பி

முதியோர் பராமரிப்பு ஆராய்ச்சியில் முப்பது வருஷம் உழைத்துப் பேர் எடுத்தவர் பேராசிரியர் டெல்லெர்வோ. 'தானே காப்பி போட்டு விருந்தாளிக்குக் கொடுக்கத் தெரிந்த கிழவரை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் அடைக்காதீர்கள், வீட்டிலேயே விடுங்கள்' என்று மேடைக்கு மேடை முழங்கினார். பின்லாந்தில் அது நன்றாகவே எடுபட்டது. அவர் ஊர் நகராட்சி அதையே அளவுகோலாக்கிக்கொண்டது.

இப்போது அவர் கணவர் உர்ஹோவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது. கொட்டும் பனியில் வெறுங்காலோடு இறங்கி நடக்கிறார். அவரைக் காவல் காத்தே டெல்லெர்வோவுக்கு இடுப்பு ஒடிந்துபோயிற்று. இல்லத்தில் ஓர் இடம் கேட்டு மனுப் போட்டார். நேரில் பார்த்து முடிவு சொல்ல நகராட்சியிலிருந்து வந்தவள், அவரிடமே படித்த ஹெய்னி.

வீட்டுக்கு ஆள் வந்தால் காப்பி வைக்காத பின்லாந்துக்காரர் உண்டா? உர்ஹோ எழுந்தார். தண்ணீரை அளந்தார், பொடி போட்டார், ஏலக்காய் ரொட்டியை நறுக்கித் தட்டில் அடுக்கினார். கை ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

"ஹெய்னி, அவருக்கு என் பேரே தெரியாதும்மா!"

"நான் என்ன மேடம் பண்றது? நீங்க சொல்லிக்குடுத்ததுதானே? இவருக்கு இடம் குடுத்தா மேல என்னைக் கேப்பாங்க."

ரொட்டியை மென்றுகொண்டே அவள் சொன்னதைக் கேட்டு டெல்லெர்வோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைப் போய்த் திட்டுவது?

ஹெய்னி போனதும் உர்ஹோ இன்னொரு கோப்பையை நிரப்பி, மனைவியின் முன்னால் மரியாதையாக வைத்தார்.

"குடிங்கம்மா. என் வீட்டுக்காரி யுனிவர்சிட்டியிலேர்ந்து வர எப்பவும் லேட்டாகும். எனக்குக் காத்திருந்து பழகிடுச்சு."