போகாத ஊருக்கு வழி

போகாத ஊருக்கு வழி சொல்வதுதான் எங்கள் தொழில். அதில் அநியாயம் நடந்தது எழிலரசியாகிய எனக்கு. வேலையில் சேர்ந்த முதல் நாளே என் பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ என்று ஒரு பழைய நகரம். கைடின் பின்னால் கூட்டமாக நடந்து ஊர் பார்க்கிறவர்கள், கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு நம்பருக்குப் போன் செய்வார்கள். அது அரூரில் எங்கள் மாடியறையில் அடிக்கும். மதியம் வரை தருமபுரியில் எம்.ஏ. வரலாறு, நாலு மணிக்கு மேல் காதில் ஹெட்செட். கண்ணால் காணாத தெருவுக்கு லெஃப்ட், ரைட் சொல்லிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ழ

எங்கள் டீம் லீடர் பிரபு சேலத்தில் இருக்கிறார். வெள்ளைக்காரர்களுக்கு ‘ழ’ வராது, பெயரை மாற்றுங்கள் என்றார். நம்மில் பாதிப் பேருக்கே வராது, அதற்காகத் தமிழின் பெயரை மாற்றினோமா என்று கேட்டேன். அவர்கள் ஏரிக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், தொண்டையைக் காறினால்தான் வரும். அதை நான் டிரெயினிங்கில் மூன்று நாள் பழகவில்லையா என்றும் கேட்டேன். வாதத்துக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லி ‘லூசி’ என்று வைத்துவிட்டார். நான் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் என்று அழைப்பவர்கள் நம்ப வேண்டும். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

கொதித்துப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“லூசா? பாத்துத்தான் வெச்சிருக்காங்க.”

மழை

ஆனி மாதம். எங்கள் போர் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. அப்போது ஒருவர் போனில், காலையிலிருந்து இங்கே மழை விடவே இல்லை என்றார். ஹெட்செட்டுக்குள் அந்த மழை கேட்டது. கல் தெருவில் விழுந்து, சந்து சந்தாக இறங்கி ஓடுகிற மழை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓட்டு மேல் வேப்பம்பழம் விழும் சத்தம்கூட ஒரு நிமிஷம் தூறலாகிவிட்டது.

என்னை அறியாமல், “வாழ்த்துகள், நீங்கள் கொடுத்துவைத்தவர்” என்று சொல்லிவிட்டேன். கேலி செய்கிறேன் என்று அந்த மனிதர் புகார் கொடுத்தார். ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டுப் பிரபு கூப்பிட்டார்.

“மழைக்கு வாழ்த்துச் சொன்ன மொத ஸ்காட்லாந்துக்காரி நீங்கதாங்க மேடம்.”

சந்து

மலை உச்சியில் கோட்டை. அங்கிருந்து ஒரே தெரு அரண்மனை வரைக்கும் இறங்குகிறது. இரண்டு பக்கமும் சந்துகள், ஒகேனக்கல்லில் வறுத்த மீனைத் தின்றபின் மிஞ்சும் முள்போல. மேப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்த முள் ஒவ்வொன்றும் பாடம். எந்தச் சந்தில் எத்தனை படி, எந்தப் படி வழுக்கும் என்று தொலைந்தவர்களே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள்.

ஒரு நாள் காலேஜ் விட்டு வரும் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். தீர்த்தமலை மேல் கோட்டை இருந்தது. அரூர் சந்தைத் தெருவில் ஈரக் கல் பாவியிருந்தது, நான் குடை இல்லாமல் நடந்தேன். “அடுத்த சந்துல லெஃப்ட்” என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். கண்டக்டர் தோளருகில் விசிலோடு நின்றிருந்தார்.

“இது பஸ்ஸுங்க. சந்துல போவாது.”

பனி

கனடாவிலிருந்து தனியாக வந்த ஒரு பெண். கடல் பனி திடீரென்று ஊரை மூடிவிட்டது. கைடு எங்கே, தான் எங்கே என்று தெரியவில்லை. போனில் மேப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அழுதாள்.

வத்தல்மலையில் என் தோழி வீட்டுச் சாமைக் காட்டில் நானும் இப்படிப் பனியில் மாட்டியிருக்கிறேன். கண்ணை நம்பாதே, காலையும் காதையும் நம்பு என்று அவள் சொன்னாள். அதையே இவளிடம் சொன்னேன். கால் எந்தப் பக்கம் ஏறுகிறது? இடது பக்கம். ஏதாவது கேட்கிறதா? மேலே, பேக்பைப் என்கிற பைக்குழல். அதை ஊதுகிறவர் பெரிய தெருவில்தான் நிற்பார் என்று எனக்குத் தெரியும். சுவரைத் தொட்டுக்கொண்டே ஏறச் சொன்னேன். ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு நானும் ஏறினேன். நாற்பத்தோராவது படியில் கைடின் குரல் கேட்டது.

இந்த ஊரில் எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று கேட்டாள். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அப்போது அது வரவில்லை. நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை, இருப்பது அரூரில், என் பெயர் எழிலரசி என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டாள்:

“அப்படியானால் இவ்வளவு நேரம் என் பக்கத்தில் நடந்து வந்தது யார்?”

பதில்

அவள் அந்தக் கேள்வியை அப்படியே எடின்பரோ ஆபீஸுக்கும் எழுதிவிட்டாள், என் பெயரைப் போட்டு. விதியை ஏன் மீறினாய் என்று அங்கிருந்து விளக்கம் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி போடுங்க, வேலையாவது மிஞ்சும் என்றார் பிரபு. நான் நாலு பக்கம் எழுதினேன், மன்னிப்பு என்ற சொல் இல்லாமல். வழி உண்மையாக இருக்கும்போது வழி சொல்கிறவள் மட்டும் ஏன் பொய்யாக இருக்க வேண்டும் என்று முடித்தேன். பதினோரு நாள் சத்தமில்லை. பிறகு, நாலு பக்க வாதத்துக்கு ஒரே வரியில் பதில் வந்தது:

“அன்புள்ள எழிலரசி, நீங்கள் உங்கள் பெயரிலேயே, உங்கள் ஊரிலிருந்தே வழி சொல்லலாம், மழைக்கு மட்டும் இனி வாழ்த்துச் சொல்ல வேண்டாம்.”